மேப்புல இருக்கு, தெருவுல இல்ல

இருக்கிற தெருவை இருக்கிறது என்று ஆபீசுக்கும், இல்லாத தெருவை இல்லை என்று வீட்டுக்காரருக்கும் நிரூபித்துக்கொண்டே இருப்பதுதான் என் தொழில். எந்தத் தெரு எங்கே இருக்கிறது, மழைநீர் வடிகால் எங்கே ஆரம்பித்து எங்கே முடியாமல் போகிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரிகிறது என்பதெல்லாம் அரசு அலுவலக பீரோக்களில் வருஷக்கணக்காகத் தூங்கும். அதை வாங்கி, நேரில் போய்ச் சரிபார்த்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கிற மாதிரி மேப்பாக்கி வெப்சைட்டில் போடுகிறது எங்கள் சின்ன நிறுவனம். தாம்பரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே ஒற்றை அறை. அங்கே நாலு பேர். அதில் வெயிலில் அலைகிறவர்கள் இரண்டே பேர், நானும் டேவிட்டும். நான் சிவில் டிப்ளமோ. டேவிட் பெரும்பாக்கம் தாண்டி ஒரு கிராமத்துக்காரன். அவனுக்கு அளக்கவும் தெரியும், நாய் துரத்தினால் பைக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்றும் தெரியும்.

போனில் தெரிகிற நீலக் கோட்டை நம்பிப் போய் யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அப்போது மேப் போட்டவனை நீங்கள் திட்டியது எனக்குக் கேட்டது. மேப் போட்டவளை என்று திருத்திக்கொள்ளுங்கள். மற்றபடி நானும் உங்கள் கட்சிதான். அந்தக் கொட்டகையில் நானும் நின்றிருக்கிறேன்.

ஓப்பன்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்துக்கு வடிகால் பட்டியல் வாங்கப் போனோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், மறுபடியும் அங்கே போக வேண்டியிருக்கிறது. பதிவேட்டுப் பிரிவில் இருந்த கிளார்க் குணசேகரன் சார் தங்கமான மனிதர். "எல்லாம் ஓப்பன் டேட்டாதான் மேடம், மேலேர்ந்து ஆர்டரே வந்தாச்சு" என்று சொல்லி எழுந்துபோய் பீரோவைத் திறந்து காட்டினார். பீரோ ஓப்பன். உள்ளே தகவல் இருந்ததோ இல்லையோ, பல்லி ஒன்று இருந்தது.

நான் கேட்ட பட்டியல் அவருடைய கம்ப்யூட்டர் திரையிலேயே எக்ஸெல்லில் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. "சார், அதையே அப்படியே பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்களேன்" என்றேன். சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எக்ஸெல்லா? யாராவது உள்ள பூந்து மாத்திட்டா?" என்றவர், அதைப் பிரின்ட் எடுத்தார். கையெழுத்துக்கு அனுப்பினார். மூன்று நாள் கழித்து வந்த காகிதங்களில் பக்கத்துக்குப் பக்கம் சீல் குத்தினார். பிறகு அதைக் கோணலாக ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப் ஆக்கி, அதே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். நானும் டேவிட்டும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே ஒரு வாரம் உட்கார்ந்து எக்ஸெல்லாக இருந்ததை மறுபடி எக்ஸெல்லாகத் தட்டினோம். ஒரே ஒரு சிக்கல். எல்லாப் பக்கத்திலும் சீல் சரியாக வடிகாலின் ஆழம் என்ற கட்டத்தின் மேலேயே விழுந்திருந்தது. திரும்பப் போய் அதைக் கேட்டபோது குணசேகரன் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சீலுக்குக் கீழ என்ன இருக்குன்னு கேக்கக் கூடாது மேடம். சீல் வெச்சாச்சுன்னா அது கரெக்ட்டுனு அர்த்தம்."

குச்சி

எங்கள் ஆயுதம், உச்சியில் ஜிபிஎஸ் கருவி பொருத்திய ஆளுயரக் கம்பம். நாங்கள் அதைக் குச்சி என்போம். அந்தக் குச்சியும் பளபளக்கிற மஞ்சள் கோட்டும் சேர்ந்தால் ஊரில் நடப்பதே வேறு. குரோம்பேட்டையில் கடைத்தெருப் பக்கம் நடைபாதையை அளக்கப் போனோம். பழைய வரைபடத்தில் ஆறடி நடைபாதை இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செருப்பு, பிளாஸ்டிக் குடம், துணி போர்த்திய பொம்மைகள், ஒரு ஜூஸ் மெஷின். டேவிட் குச்சியை ஊன்றினான், அவ்வளவுதான். இந்தக் கடைக்காரர் அந்தக் கடைக்காரருக்குக் கண்ணைக் காட்ட, அவர் அடுத்தவருக்கு போன் போட, தெருக்கோடி வரைக்கும் படிகள் உள்ளே போயின, பலகைகள் மடங்கின, பொம்மைகள் ஓடின. கால் மணி நேரத்தில் ஆறடி நடைபாதை அம்மணமாக நின்றது. வரைபடம் பொய் சொல்லவில்லை.

அளந்து முடித்து டீ குடிக்க நின்றோம். டீ ஆறுவதற்குள் பொம்மைகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. மேப்பில் நடைபாதை இருக்கிறது என்று போடுவதா, இல்லை என்று போடுவதா என்று எனக்கும் டேவிட்டுக்கும் வாக்குவாதம். கேட்டுக்கொண்டே டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் குறுக்கே வந்தார்:

"இன்னாத்துக்கு மேடம் சண்டை? டெய்லி ஒரு வாட்டி இந்தக் குச்சிய எடுத்துகினு சும்மா நடங்க, பிளாட்பாரம் தானா வந்துடும்."

மூன்றாவது குறுக்குத் தெரு

சேலையூர் பக்கம் ஒரு காலனியில் முதல் குறுக்குத் தெரு இருந்தது, இரண்டாவது இருந்தது, நான்காவது இருந்தது. மூன்றாவதைக் காணோம். ஆனால் அலுவலகம் கொடுத்த மனைப்பிரிவு வரைபடத்தில் மூன்றாவது தெரு இருபதடி அகலத்தில் ஜம்மென்று ஓடியது. காலனி ஆட்களைக் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டிவிட்டு, அவசரமாகக் கேட்டைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும், "அது எங்க ஃப்ரெண்டு வீட்டுல இருக்கு ஆன்ட்டி" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

குச்சியைப் பிடித்துக்கொண்டு தெருவின் நடுக்கோட்டிலேயே நடந்தோம். கோடு நேராக ஒரு மாடி வீட்டின் கேட்டில் போய் முட்டியது. டேவிட் மணியை அடித்தான். வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் கையிலிருந்த படத்தைப் பார்த்ததும் அவர் முகம் தேர்வு எழுத வந்த மாணவன் மாதிரி ஆகிவிட்டது. வாங்கும்போது தெரியாதாம். லோன் வாங்கி, கட்டி, கிரகப்பிரவேசம் முடிந்து, பெரிய பெண்ணுக்குப் பக்கத்துப் பள்ளியில் இடமும் கிடைத்த பிறகுதான் யாரோ சொன்னார்களாம். பதினொரு வருஷமாக மணி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றார். "நீங்க இடிக்க வந்தவங்களா?" என்று அவர் மனைவி உள்ளிருந்தே கேட்டார். "இல்லைங்க, நாங்க வெறும் மேப்" என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. படத்தில் தெரு இருக்கிறது, நேரில் வீடு இருக்கிறது என்று இரண்டையும் எழுதி மேலே அனுப்புவதுதான் முறை, அதைத்தான் செய்யப்போகிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வாத்தியார் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கேட்டை முழுதாகத் திறந்துவிட்டார்:

"தெருவே எங்க ஹால் வழியாத்தானே போகுது, அப்புறம் ஏன் வெளியில நிக்கிறீங்க? உள்ள வாங்க, காபி சாப்ட்டுட்டு அளங்க."

நான் போட்ட ரோடு

அடுத்தவர் தப்பையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. இது என் தப்பு. கீழ்க்கட்டளையில் ஒரு சந்து. செயற்கைக்கோள் படத்தில் நல்ல அகலமாகத் தெரிந்தது. நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மத்தியான வெயில், சோம்பல். ரோடு என்று போட்டுவிட்டேன். மேலேயிருந்து பார்த்தால் ரோடு மாதிரி தெரிந்தது இரண்டு பக்கத் தகரக் கூரைகளும் உயரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்ததால் என்பது, ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு எனக்கு போனில் தெரிந்தது. பின்னால் இருக்கிற அடுக்குமாடிக்குத் தண்ணீர் கொண்டுபோன லாரி, மேப்பைப் பார்த்துச் சந்துக்குள் நுழைந்து, நடுவில் சாக்கடைச் சிலாப் உடைந்து, ஒரு டயர் உள்ளே இறங்கி நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

நானும் டேவிட்டும் போனபோது டிரைவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாரம் குறைந்தால்தான் வண்டி எழும்பும் என்று வேறு வழியில்லாமல் வால்வைத் திறந்துவிட்டார். சந்தில் இருந்த குடம், அண்டா, வாளி, குழந்தை குளிக்கிற டப் எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டன. அங்கே இட்லிக் கடை வைத்திருக்கிற கலா அக்கா இடுப்பில் குடத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"நீதான் எங்க சந்துல ரோடு போட்டவளா?"

"ஆமாங்க்கா. தப்பாயிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"லாரி அனுப்புங்கன்னு எத்தினி மாசமா எழுதிக் குடுத்துகினு கீறோம். சந்து சின்னது, வண்டி பூராதுன்னாங்க. இன்னிக்கு எப்டி பூந்துச்சு?"

இன்றைக்கே சரிபண்ணிவிடுகிறேன், இனிமேல் எந்த லாரியும் இந்தப் பக்கம் வராது என்று சத்தியம் பண்ணினேன். கலா அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குடத்தை வாசலில் இறக்கினார்:

"எவம்மா உன்ன சரிபண்ண சொன்னது? சிலாப்ப நாங்க போட்டுக்கிறோம், நீ தப்பாவே உட்டுடு."

மூன்று நம்பர்

பெரும்பாக்கத்தில் நகரத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களுக்கான அடுக்குமாடிகள் இருக்கின்றன. எல்லா மேப்பிலும் அது ஒரே சாம்பல் நிறத் திட்டு, பெயர் 'குடியிருப்பு'. ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகையை ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்கள். அங்கே எங்களுக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் செல்வி அக்கா. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவை எங்களுக்காக விட்டுக்கொடுத்து கூடவே நடந்தார். காரணம் இருந்தது. அவருடைய நாத்தனாருக்குப் பிரசவ வலி எடுத்த மத்தியானம், ஆம்புலன்ஸ் கேட்டுக்கு வந்துவிட்டு, எந்த பிளாக் என்று தெரியாமல் சுற்றியிருக்கிறது. வீட்டு ஒதுக்கீட்டுச் சீட்டில் ஒரு நம்பர், கரண்ட் கார்டில் ஒரு நம்பர், சுவரில் பெயின்ட்டில் இன்னொரு நம்பர். இவர்கள் ஒன்றைச் சொல்ல, டிரைவர் இன்னொன்றைத் தேட, கடைசியில் குழந்தை ஷேர் ஆட்டோவில் பிறந்தது. அந்தக் குழந்தை இப்போது செல்வி அக்கா இடுப்பில் உட்கார்ந்து எங்கள் குச்சியை இழுத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் மூன்று நம்பரையும் சேர்த்தே எழுதினோம். ஒவ்வொரு பிளாக்குக்கும் மாடிப்படி எந்தப் பக்கம், வண்டி எதுவரை வரும், எந்தக் கேட்டில் பூட்டு என்று படியேறி இறங்கிக் குறித்தோம். டேவிட்டின் முட்டி இன்னும் அந்தப் படிகளை மறக்கவில்லை. மேப் வெளியான கொஞ்ச நாளில் செல்வி அக்காவே போன் பண்ணினார். மேல்மாடியில் ஒருவருக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் கேட்டில் நிற்காமல் நேரே மாடிப்படிக்கே வந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார் என்று. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை வருஷ வெயிலுக்கும் அன்றைக்குத்தான் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. அந்தக் குஷியில், "பாத்தீங்களாக்கா, மேப் இல்லன்னா யாருக்கும் எந்த வூடும் தெரியாது" என்று கொஞ்சம் பெருமையடித்துவிட்டேன். செல்வி அக்கா நிதானமாகச் சொன்னார்:

"அப்டி இல்லம்மா. ஆத்தோரம் இருந்தப்போ எங்க வூடு எந்த மேப்புலயும் கெடையாது. இடிக்க வந்தவன் ஒருத்தன்கூட வழி கேக்கல."

மாடிப்படி

ஒரு நாள் ஓர் இளம் இன்ஜினியர் போன் பண்ணினார். அரசு அலுவலகம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அவருக்கு வேலை. ஒரு தெருவில் பள்ளம் தோண்ட வேண்டுமாம், கீழே குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று உங்கள் வெப்சைட்டில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக, "இந்த விவரத்தை நீங்க எங்கேர்ந்து வாங்கினீங்க?" என்று கேட்டார். அவருடைய அலுவலகத்தின் முதல் மாடியிலிருந்துதான் வாங்கினோம் என்றேன். "ஓ" என்றார். இருபது படி ஏறினால் அசல் வரைபடமே இருக்கிறதே சார், போய்ப் பார்த்துவிடலாமே என்றேன். மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்:

"மாடிக்கு லெட்டர் போட்டா அது சென்னை முழுக்க சுத்திட்டுத்தான் மாடிக்குப் போகும் மேடம். உங்க சைட்ல ரெண்டு கிளிக்."

சிவப்பு

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். மேற்குத் தாம்பரம் பக்கம் ஒரு நகர். பெயரைச் சொன்னால் வீட்டு விலை இறங்கிவிடும் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள். மழைக்கு முன்னால் தண்ணீர் தேங்கும் தெருக்களைக் கணக்கெடுக்கப் போனோம். சங்கத் தலைவர் ராமநாதன் சார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெருத்தெருவாகக் கூட்டிப்போனார். தன் வீட்டு கேட்டில் போன வெள்ளத்தின் கறையைக் கையால் தட்டி, "இடுப்பு வரைக்கும் மேடம், எழுதிக்குங்க, இடுப்பு" என்றார். எழுதிக்கொண்டேன். மேப்பில் அந்தத் தெரு சிவப்பாக வந்தது. அடுத்த வாரம் அவரே நாலு பேரோடு எங்கள் படியேறி வந்தார். வீடு பார்க்க வந்த பார்ட்டி போனில் சிவப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதாம். "சார், நீங்கதானே இடுப்புன்னு சொன்னீங்க?" என்றேன். "அது உங்ககிட்ட சொன்னது மேடம். ஊருக்கே சொல்லுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அவர்கள் எழுதிய மனு மேலே, மாநகராட்சிக்குப் போனது. மேலேயிருந்து 'பரிசீலிக்கவும்' என்று கீழே வந்தது. எங்கள் முதலாளி என்னைப் பார்த்தார், நான் டேவிட்டைப் பார்த்தேன். டேவிட், "வேணாங்க்கா" என்றான். நான் சிவப்பை எடுத்தேன். என் கையால்தான் எடுத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம்தான் முதல் தடவையாக, மாநகராட்சியில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களை எங்கள் மேப்பைப் பார்த்து அனுப்பினார்கள். விடிந்ததும் சிவப்புத் தெருக்களுக்கெல்லாம் மோட்டார் போனது. எங்கள் அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். பத்து மணிக்கு ராமநாதன் சார் போன். மோட்டார் வரவில்லை, தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது, மனைவிக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, நிற்கக்கூட முடியாது. இருக்கிற மோட்டாரெல்லாம் வேறு தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது. டேவிட் தன் சித்தப்பாவுக்கு போன் போட்டு ஊரிலிருந்து டிராக்டரை வரவழைத்தான். நடுப்பகலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா சாப்பாட்டு மேஜை மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் மாத்திரை டப்பா. சார் இடுப்பளவு தண்ணீரில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவை ஒரு நாற்காலிக்கு மாற்றி, நாற்காலியோடு தூக்கினோம். அந்தத் தெருவில் அப்படி இன்னும் மூன்று பேரைத் தூக்கினோம்.

டிராக்டர் மேட்டுக்கு ஏறியதும், "சார், நான் அழிச்சிருக்கக் கூடாது" என்றேன். அவர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சார் என் பக்கமாகச் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"உடனே சிவப்பாக்கிடுங்க மேடம், நல்லா அழுத்தமான சிவப்பா. ஆனா தை பொறந்ததும் கொஞ்சம் லைட்டாக்கிடுங்க, வேற ஒரு பார்ட்டி பாக்க வர்றாங்க."

அன்றைக்கே போட்ட அந்த அழுத்தமான சிவப்பை இன்றுவரை நான் தொடவில்லை, இந்தப் பக்கத்தின் தெருக்கள் எல்லாம் தூக்கத்தில்கூட அத்துப்படியாகிவிட்டன, ஆனாலும் என் வீட்டுக்கு வருகிற பார்சல்காரர் மட்டும் தெருமுனையில் நின்றுகொண்டு "மேடம், பக்கத்துல ஏதாவது லேண்ட்மார்க் சொல்லுங்க" என்றுதான் இன்னமும் போன் பண்ணுகிறார்.